மொத பிள்ளைக்கு என்னென்ன வாங்கி வைக்கணும்: மதுரை வீடுகளுக்கு ஒரு முழு கைடு

வளைகாப்பு முடிஞ்ச கையோட நம்ம வீடுகள்ல ரெண்டு கட்சி ஆரம்பிச்சிரும். புருஷன்காரர் போன்ல ஆப்பத் தொறந்து கண்ணுல பட்டதெல்லாம் கார்ட்ல போட்டுக்கிட்டு இருப்பாரு, அப்பத்தா வாசல்லயே நின்னுக்கிட்டு "பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு புதுத்துணி கூட வீட்டுக்குள்ள வரக்கூடாது"ம்பாங்க. ரெண்டு பேருக்கும் பிள்ள மேல பாசம்தான், ஆனா ஒருத்தர் சொல்றபடி நடந்தா பாதி சாமான் பிரிக்காமலே பரண்ல கெடக்கும், இன்னொருத்தர் சொல்றபடி நடந்தா பிரசவ வலி எடுத்த ராத்திரில துணி தேடி அலையணும்.

நான் சொல்றது இதுதான். மொத நாப்பது நாளைக்குப் பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால், கதகதப்பு, சுத்தமான பருத்தித் துணி, கொசு கடிக்காம மல்லாக்கப் படுக்க ஒரு இடம், அவ்வளவுதான். இந்த நாலுக்கும் உதவுற சாமான மட்டும் முன்னாடியே ரெடி பண்ணிருங்க, மிச்சத்த பிள்ள பொறந்து எடை, ஒடம்பு வாகு பாத்துட்டு வாங்கிக்கலாம், மிச்சமாகுற காச பெத்தவளோட சாப்பாட்டுக்கும் ஒரு கை ஒத்தாசைக்கு ஆள் வைக்கவும் ஒதுக்கி வைங்க. பெரியவங்க புதுத்துணி வேண்டாம்னா வற்புறுத்தாதீங்க, லிஸ்ட்டும் பணமும் ரெடியா இருந்தா பொறந்த அன்னைக்கே ஒருத்தர் போய் வாங்கிட்டு வந்துரலாம். பழைய துணிக்கு எந்த அப்பத்தாவும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, நமக்கு மொதல்ல வேண்டியதும் அதுதான்.

ஸ்டெப் 1: பேப்பரும் பையும் (எட்டாம் மாசம் முடியறதுக்குள்ள)

எல்லாத்துக்கும் முன்னாடி பிக்மி நம்பர். அரசாங்கத்துல கர்ப்பத்தப் பதியிறப்ப குடுக்கிற 12 இலக்க நம்பர் அது, கர்ப்பம்னு தெரிஞ்சதுமே உங்க ஏரியா நர்சம்மாட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பதிஞ்சிருப்பீங்க. தனியார் ஆஸ்பத்திரியில பாக்குறவங்க சில பேரு "நமக்கு எதுக்கு"ன்னு விட்டுர்றாங்க, விடாதீங்க, தமிழ்நாட்டுல பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இந்த நம்பர்தான் கேப்பாங்க. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல மொத ரெண்டு பிரசவத்துக்கு, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா சேத்து 18,000 ரூபாய் மதிப்புக்குத் தகுதியுள்ளவங்களுக்குக் குடுக்கிறாங்க, அதுக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பிளட் குரூப் ரிப்போர்ட், ரெண்டு பேரு ஆதார் ஜெராக்ஸ், அம்மா பேர்ல உள்ள பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், காப்பீட்டு அட்டை இருந்தா அது, எல்லாம் போட்டு பைக்கு மேலாப்புல வைங்க.

பை ரெண்டா இருக்கணும். அம்மா பையில முன்பக்கம் ஜிப் வச்ச நைட்டி ரெண்டு மூணு, பழைய காட்டன் சேலை ரெண்டு, பெரிய சைஸ் பேடு, உள்ளாடை, செருப்பு, பிளாஸ்க், தட்டு டம்ளர், வாளி மக்கு, போர்வை, நீள வயர் சார்ஜர். பிள்ளை பை தனியா, சின்னதா இருக்கணும். ஏன்னா லேபர் வார்டு கதவக் கொஞ்சமாத் தொறந்து நர்ஸ் "பிள்ளைக்குத் துணி குடுங்க"ன்னு கூப்புடுவாங்க, அப்ப வெளிய நிக்கிறது பதட்டத்துல இருக்கிற அப்பாவோ மாமியாரோதான், அவங்க பெரிய பையக் கவுத்துப் போட்டு நைட்டிக்கு அடியில தேடக்கூடாது. அந்தச் சின்னப் பையில துவைச்சு வெயில்ல காயவச்ச மெத்துனு பழைய காட்டன் துணி நாலஞ்சு, சட்டை மூணு, குல்லா ரெண்டு, சாக்ஸ் ஒண்ணு, பூந்துவாலை ரெண்டு, இடுப்புத் துணி ஒரு பத்து, போதும்.

ஜிஎச்-ல பிரசவம்னா இன்னொரு விஷயம். 2015-ல ஆரம்பிச்ச குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்துல துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, அம்மாவுக்கு சௌபாக்கிய சுண்டி லேகியம்னு 16 பொருள் வரும். வார்டுல கேட்டு, கையில வந்ததப் பாத்துட்டு மிச்சத்த வாங்குங்க.

பிரசவத் தேதி சித்திரைத் திருவிழாவ ஒட்டி வந்தா வழிய முன்னாடியே யோசிச்சு வைங்க. எதிர்சேவை, அழகர் ஆத்துல எறங்குற நேரத்துல தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமெல்லாம் ரோட்ட அடைச்சிருவாங்க, ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறதே அங்கதான். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வர்றவங்க டாக்டர்ட்ட கேட்டு ஒரு நாள் முன்னாடியே ஊருக்குள்ள சொந்தக்காரங்க வீட்டுல வந்து தங்கிக்கலாம். வலி வந்துட்டா யோசிக்காம 108. அரசு ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையோட வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி இலவசமா வரும், பச்ச ஒடம்புக்காரிய பைக்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற வேலையே வேண்டாம்.

ஸ்டெப் 2: துணி, இதுலதான் நல்லா கவனம் வைக்கணும்

பொறந்த பிள்ள ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவை கூட துணிய நனைக்கும், சில நாளு அதுக்கு மேலயும் போகும். அதனால வேற எது கம்மியா இருந்தாலும் இடுப்புத் துணி கம்மியா இருக்கக்கூடாது. முப்பது துணி வைங்க, ஐப்பசி கார்த்திகையில பிரசவம்னா மழையில காயாது, இன்னும் பத்து சேத்து வைங்க.

தாத்தாவோட பழைய எட்டு முழ வேட்டி தான் இதுக்கு அருமையான துணி. வருசக்கணக்கா துவைச்சுத் துவைச்சு கஞ்சியெல்லாம் போயி பஞ்சு மாதிரி ஆயிருக்கும். கரையக் கிழிச்சு எடுத்துருங்க, அது மொரமொரன்னு தொடையில அறுக்கும். மிச்சத்த ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட வர்ற மாதிரி சதுரமா வெட்டிக்கோங்க. ஓரத்துல நூல் தொங்குச்சுன்னா மடிச்சு ஒரு ஓட்டு தையல் போட்டுருங்க, புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையக்காரங்கட்ட மொத்தமா குடுத்தா அடிச்சுக் குடுத்துருவாங்க. கட்டுறப்ப முக்கோணமா மடிச்சு, அகலப் பக்கம் முதுகுக்கு அடியில இடுப்புல வர்ற மாதிரி போட்டு, கூர் முனைய ரெண்டு காலுக்கு நடுவுல மேல கொண்டாந்து, ரெண்டு பக்க முனையையும் முன்னால ஒரு முடிச்சு. முடிச்சு தொப்புளுக்குக் கீழ இருக்கணும், தொப்புள்கொடி துணிக்குள்ள மாட்டி ஈரமாகக்கூடாது. ரெண்டு விரல் உள்ள போற அளவுக்குத் தளர்வா இருந்தா சரி.

துவைக்கிறதுக்குத் தனி வாளி வைங்க. ஆய் துணிய மொதல்ல குழாயடியில அலசிட்டு அப்புறம் சோப்புல ஊற வைக்கணும். சாதா சோப்பு போதும், வாசனைக்கு ஊத்துற லிக்விட், டெட்டால் எல்லாம் வேண்டாம், பச்சப் பிள்ள தோலு அதத் தாங்காது. சோப்பு போற வரைக்கும் நல்லா அலசி மொட்டை மாடியில வெயில்ல போட்டுருங்க, நம்ம ஊர் வெயில விட நல்ல கிருமிநாசினி எதுவும் இல்ல.

டயப்பர் தப்பா? தப்பே இல்ல. ராத்திரிக்கும் ஆஸ்பத்திரி போறப்பவும் தாராளமா போடலாம், பெத்தவளும் ரெண்டு மணி நேரம் தூங்கணும்ல. ஆனா நியூபார்ன் சைஸ்ல சின்ன பாக்கெட் ஒண்ணு மட்டும் வாங்குங்க, அது 5 கிலோ வரைக்கும்தான், நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் ரெண்டரை மூணு கிலோவுல பொறந்து ரெண்டு மாசம் போறதுக்குள்ள அடுத்த சைஸுக்கு வந்துரும். ஆஃபர்ல இருக்குன்னு பெரிய பாக்கெட் வாங்கி அந்தக் கம்பெனி டயப்பர் பிள்ளைக்கு ஒத்துக்கலன்னா அத்தனையும் வீண். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்க மாத்தணும், ஆய் போனா ஒடனே மாத்தணும். தொடைக்க வைப்ஸ் கட்டாயமில்ல, வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சு போதும், பொம்பளப் பிள்ளைக்கு எப்பவும் முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா தொடைங்க, மாத்தித் தொடைச்சா யூரின் இன்ஃபெக்ஷன் வரும்.

சட்டைக்கு விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி பக்கம் போனா முன்பக்கம் முடிச்சுப் போடுற காட்டன் ஜப்லா சல்லிசா கெடைக்கும், ஆறேழு எடுங்க. தலை வழியா மாட்டுறது வேண்டாம், கழுத்து நிக்காத பிள்ளைக்குப் போட்டுக் கழட்டுறதுக்குள்ள பெத்தவளுக்கு வேர்த்துரும். ஜரிகை, வலைத்துணி ஃப்ராக், மணி கோத்தது, பெரிய பட்டன் எதுவும் வேண்டாம், பேர் வைக்கிற அன்னைக்குப் போட ஒண்ணு யாராவது எடுத்துட்டு வருவாங்க. புதுசு எதுவானாலும் ஒருக்க துவைச்சுட்டுத்தான் போடணும்.

எவ்வளவு போத்துறதுன்னு எல்லா வீட்டுலயும் ஒரு வாக்குவாதம் நடக்கும். நமக்கு என்ன துணி வேணுமோ அதுக்கு மேல ஒரு சுத்து, அதுதான் கணக்கு. கத்திரி வெயில்ல மதுரை வீட்டுக்குள்ள குல்லா, சாக்ஸ், கையுறை, கம்பளினு சுத்தி வச்சா பிள்ளைக்கு வேர்க்குரு வரும், ஒடம்பு சூடேறி காய்ச்சல் மாதிரியே காட்டும். பின்னங்கழுத்தத் தொட்டுப் பாருங்க, வேர்வை இருந்தா ஒரு துணியக் கழட்டுங்க. வயிறும் பாதமும் ரெண்டுமே ஜில்லுன்னு இருந்தா அம்மா நெஞ்சோட தோல் பட அணைச்சு மேல போத்துங்க, அதவிட சூடு தர்ற சாமான் கடையில கெடையாது. பேன் ஓடலாம், ஏசி 26, 27-ல இருக்கலாம், காத்து நேரா மூஞ்சில அடிக்கக்கூடாது அவ்வளவுதான். கையுறை போட்டா அடிக்கடி கழட்டிப் பாருங்க, உள்ள நூல் பிரிஞ்சு விரல்ல சுத்திக்கிட்டா ரத்தம் ஓடாது, அதுக்குப் பதிலா தூங்குறப்ப நகத்த வெட்டி விட்டுரலாம்.

ஸ்டெப் 3: பாலும் பாலாடையும்

பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், ஆபரேஷன் ஆனாலும் அம்மாவும் பிள்ளையும் நல்லா இருந்தா அப்படித்தான். மொத ரெண்டு மூணு நாள் மஞ்சளா கெட்டியா சுரக்கிற சீம்பால் ரெண்டு ஸ்பூன்தான் வரும், பிள்ள வயிறும் அம்புட்டுதான் இருக்கும், அதனால "பால் பத்தல"ன்னு யாராவது சொன்னா ஒடனே டின்ன வாங்க ஓடாதீங்க.

நம்ம பக்கத்துல சேனை வைக்கிற வழக்கம் இருக்கு. குடும்பத்துல நல்ல மனுசர்னு பேரெடுத்தவரு சீனித்தண்ணியோ தேனோ தொட்டு நாக்குல வைப்பாரு, அவர் குணம் பிள்ளைக்கு வரும்னு. ஆசைய நான் மதிக்கிறேன், ஆனா தேன்ல இருக்கக்கூடிய ஒரு வகை கிருமி ஒரு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க குடல்ல வளந்து நரம்பையே தாக்கும், சீனித்தண்ணியில வயித்தால போகும். சேனை வைக்கணும்னு பெரியவர் ஆசைப்பட்டா, பிள்ளையக் கையில குடுத்து அவர் சுத்தமா கழுவின கையால நெத்தியத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுங்க. தெருவுல கழுதையக் கூட்டிட்டு வந்து ஒரு சங்கு பால் குடுத்தா சளி புடிக்காதும்பாங்க, அது காய்ச்சாத பச்சப் பாலு, வேண்டவே வேண்டாம். ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட கெடையாது, சித்திரை வெயில்லயும் கெடையாது, தாய்ப்பால்ல இருக்கிற தண்ணியே போதும்.

சாமான்னு பாத்தா இங்க வாங்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். சாஞ்சு உக்கார ஒரு சுவரு, மடியில வைக்க ஒரு தலகாணி, கடைசிச் சொட்டு துடைக்க ரெண்டு கர்ச்சீப். இன்னொண்ணு பாலாடை, அதாவது பிள்ளைக்குப் பால் புகட்டுற மூக்கு வச்ச சின்னக் கிண்ணம். பாத்திரக் கடையில எவர்சில்வர்லயே கெடைக்கும், உள்பக்கம் ஒட்டு இல்லாம வழவழன்னு, மூக்கு நுனி கூரா இல்லாம இருக்கானு விரல விட்டுத் தடவிப் பாத்து வாங்குங்க. எடை கம்மியான பிள்ள, வாய் வச்சுக் குடிக்க செரமப்படுற பிள்ள, இவங்களுக்கு அம்மா பால எடுத்து இதுலதான் குடுக்கணும். மடியில தலை தூக்கலா சாச்சு வச்சு, பாலாடை மூக்க கடவாய் ஓரமா வச்சு, பிள்ள நாக்க நீட்டி முழுங்க முழுங்க கொஞ்சங் கொஞ்சமா சாய்க்கணும், ஊத்தக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கழுவி, மூடி போட்டு பத்து நிமிஷம் கொதிக்க வச்சு எடுங்க. ஃபீடிங் பாட்டில் வாங்காதீங்க, அந்த நிப்பிள் இடுக்குல தங்குற பால்லதான் கிருமி வளருது, பாட்டில்ல பழகின பிள்ள மார்புல சரியா வாய் வைக்கவும் மறுக்கும். பால் பவுடர், பாட்டில் ரெண்டையும் விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1992-லயே நம்ம நாட்டுல சட்டம் போட்டிருக்காங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் பவுடர், அதுவும் டப்பாவுல போட்ட அளவு தண்ணிதான், மிச்சப்படுத்த தண்ணிய கூட்டாதீங்க.

பிரெஸ்ட் பம்ப் முன்கூட்டியே வேண்டாம், கையாலயே பால் எடுக்க ஆஸ்பத்திரி நர்ஸ்ட்ட கத்துக்கோங்க, வேலைக்குத் திரும்புறவங்க அப்புறம் வாங்கிக்கலாம். எடுத்த பால் வெளிய நாலு மணி நேரம்தான், நம்ம ஊர் கோடையில அதுக்கும் முன்னாடியே குடுத்துருங்க, ஃபிரிட்ஜ் உள்பக்கம் வச்சா ஒரு நாள். சூடு பண்ண அடுப்புல வைக்காம கிண்ணத்த வெந்நீர்ல நிறுத்தி வைங்க. பிள்ளைய ஐசியூல வச்சிருந்து அம்மாவுக்குப் பால் வரலன்னா ராஜாஜி ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கி இருக்கு, கேளுங்க.

பால் பத்துதான்னு எப்படித் தெரியும்னா, ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை குடிக்கும், அஞ்சாம் நாளுக்கு அப்புறம் 24 மணி நேரத்துல ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகும், மொத வாரம் கொஞ்சம் எளைச்சாலும் ரெண்டு வாரத்துல பொறந்த எடைக்குத் திரும்பிரும். இது மூணும் சரியா இருந்தா அழுதுச்சுன்னா பசின்னு மட்டும் நெனைக்காதீங்க.

ஸ்டெப் 4: படுக்க இடம்

தொட்டில் கட்டுறது நம்ம வீட்டுச் சந்தோசம், பழைய சுங்குடிச் சேலையில கட்டினா காத்தும் போகும், அம்மா வாசமும் இருக்கும். ஆனா ஒரு ஆபத்து இருக்கு. சேலை குழிஞ்சு பிள்ள உடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சுல போயி அமுங்குச்சுன்னா மூச்சுக் குழல் மடங்கும், சத்தமே வராது. அதனால தொட்டில் கம்பு போட்டு அகலப்படுத்துங்க, கொக்கிய பெரியவங்க ஒருத்தர் தொங்கி இழுத்துப் பாருங்க, தரையில இருந்து ஒரு அடிக்கு மேல ஒசத்தாதீங்க, கீழ ஒரு மெத்தைய விரிச்சு வைங்க. கண்ணுக்கு முன்னாடி ஆட்டித் தூங்க வைக்கிறதுக்குத்தான் தொட்டில், ராத்திரி முழுக்க படுக்கிறதுக்கு கெட்டியான தட்டையான படுக்கை. அம்மா பக்கத்துல, தனி விரிப்புல, மல்லாக்க. பக்கத்துல குடிச்சிட்டோ சிகரெட் பிடிச்சிட்டோ யாரும் படுக்கக்கூடாது.

தலகாணி வேண்டாம். தலை உருண்டையா வரணும்னு கடுகு, கேவுரு போட்ட தலகாணி வைப்பாங்க, பிரசவத்துல நீண்டிருந்த தலை அதுவா வாரக்கணக்குல சரியாயிரும். செட்டா விக்கிற குட்டி மெத்தையில வர்ற பக்கத் தலகாணி, பொம்மை, மெத்துமெத்துப் போர்வை எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சுருங்க, மூஞ்சில விழுந்தா பிள்ளைக்குத் தள்ளத் தெரியாது. ரப்பர் ஷீட் ரெண்டு, மேல விரிக்க காட்டன் துணி, கொடை மாதிரி விரியிற கொசுவலை ஒண்ணு, இது மூணும் கட்டாயம். மழைக்காலத்துல டெங்கு வர்ற ஊர் நம்ம ஊரு, கொசுவத்திப் புகை பச்சப் பிள்ள நெஞ்சுக்கு ஆகாது, மேல பூசுற கிரீமும் ரெண்டு மாசத்துக்குள்ள கூடாது, ஆக வலைதான் வழி.

ஸ்டெப் 5: குளியல்

பொறந்து ஒரு நாளாவது போகட்டும், எடை கம்மின்னா டாக்டர் சொன்னப்புறம்தான். தொப்புள்கொடி விழுற வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணில தொடைச்சு எடுத்தா போதும். கொடி ஒண்ணு ரெண்டு வாரத்துல காஞ்சு தானா விழும், அதுல சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்காதீங்க, சும்மா காய விடுறதுதான் மருந்து. சுத்தி சிவந்தாலோ நாத்தமடிச்சு சீழ் வந்தாலோ ஆஸ்பத்திரி.

வேணுங்கிற சாமான் ரெண்டு துண்டு, மைல்டான சோப்பு ஒண்ணு, தேங்காய் எண்ணெய். வாளியில மொதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் வெந்நீர் ஊத்தி வெளாவி முழங்கையால தொட்டுப் பாருங்க.

குளிப்பாட்ட வர்ற பாட்டிமார் கை பக்குவம் பெரிய விஷயம், கால நீட்டி அதுல பிள்ளையப் போட்டு அவங்க நீவி விடுற அழகே தனி. அவங்கட்ட முன்னாடியே மரியாதையா சில விஷயத்தச் சொல்லிருங்க: "பெரியம்மா, மூக்குல எண்ணெய் விட வேண்டாம், காதுலயும் மூக்குலயும் வாய் வச்சு ஊத வேண்டாம், டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிருக்காக." பிள்ள மார்பு வீங்கிப் பால் மாதிரி வந்தா சிலர் பிதுக்குவாங்க, அது அம்மாவோட ஹார்மோன்னால வர்றது, தானா வத்திரும், பிதுக்குனா சீழ் பிடிக்கும். பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறது இப்ப வேண்டாம். சாம்பிராணிப் புகைய மூஞ்சில காட்டாம துண்டால தலையத் துவட்டி விடுங்க, பவுடர் பறந்து நுரையீரலுக்குப் போகும், அதையும் விட்டுருங்க. கண்ணுக்குள்ள மை தீட்ட வேண்டாம், சில மையில ஈயம் இருக்கு. திருஷ்டிக்கு உள்ளங்கால்ல ஒரு பொட்டு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: மருந்து டப்பா

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு, விட்டமின் டி சொட்டு, மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு, ஜிங்க் ஆக்சைடு கிரீம், பஞ்சு, நகவெட்டி. இவ்வளவுதான்.

விட்டமின் டி ஒரு வயசு வரைக்கும் தினம் 400 யூனிட். கடையில ஒரு மில்லில 400 உள்ளதும் இருக்கு, 800 உள்ளதும் இருக்கு, டாக்டர் எழுதினதும் பாட்டில்ல உள்ளதும் ஒண்ணான்னு பாத்து, அந்தப் பாட்டிலோட வர்ற ஃபில்லர்லயே குடுங்க. பாராசிட்டமாலும் அப்படித்தான், சொட்டு மருந்து ரொம்ப ஸ்ட்ராங்கு, சிரப் வேற, பெரிய பிள்ளைக்கு வாங்கின பாட்டில்ல இருந்து சின்னதுக்கு ஊத்துறது ஆபத்து. மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல்னா, தடுப்பூசி போட்டப்ப நர்சம்மா எழுதிக் குடுத்ததத் தவிர வீட்டு மருந்தே கெடையாது.

கிரைப் வாட்டர், வெளக்கெண்ணெய், ஒர மருந்து, வசம்பு எதுவும் ஆறு மாசத்துக்குள்ள வாய்க்குள்ள போகக்கூடாது. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைக்குப் போறது பெத்தவளோட பத்தியத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

இத பிரிண்ட் போட்டு பீரோவுல ஒட்டி வைங்க: பால் குடிக்க மாட்டேங்குது, எழுப்பினாலும் எந்திரிக்காம தொவண்டு கெடக்குது, அக்குள்ல வச்சுப் பாத்தா 38 டிகிரி அதாவது பாரன்ஹீட்ல 100.4 அல்லது அதுக்கு மேல, போத்தியும் ஒடம்பு ஜில்லுன்னே இருக்கு, நிமிஷத்துக்கு 60 தடவை அல்லது அதுக்கு மேல மூச்சு, நெஞ்சு உள்வாங்குது, வலிப்பு, மொத நாளே மஞ்சளா ஆகுது இல்லன்னா உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் எறங்கிருச்சு. இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காம கெளம்பிருங்க. மஞ்சளுக்கு வெயில்ல காட்டுறது மருந்தில்ல, அளவு கூடுனா ஆஸ்பத்திரியில லைட்டுக்குக் கீழ வைக்கணும், லேட்டானா மூளையத் தாக்கும்.

ஸ்டெப் 7: பெத்தவளுக்கு

லிஸ்ட் போடுறப்ப எல்லாரும் மறக்கிறது இவளத்தான். பேடு நெறைய, ஃபீடிங் பிரா மூணு, பக்கத்துலயே ஒரு பெரிய தண்ணி பாட்டில். "தண்ணி குடிச்சா வயிறு வைக்கும், புண்ணு ஆறாது"ன்னு தண்ணியக் கொறைக்கிறது இன்னும் நடக்குது, தாகத்துக்குக் குடிக்க விடுங்க. பூண்டுக்குழம்பு, மீன், முட்டை, கீரை, பருப்பு, பழம் எல்லாம் சாப்புடலாம், லேகியம் சாப்புடலாம், சுகர் உள்ளவங்க மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கிட்டு. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் பிரசவத்துக்கு அப்புறம் ஆறு மாசம், இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்துல போடக்கூடாது.

ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சா, கடுமையான தலைவலி, காய்ச்சல், கால் ஒண்ணு மட்டும் வீங்குனா ஒடனே ஆஸ்பத்திரி. காரணமில்லாம அழுகை மொத சில நாள் வரும், ரெண்டு வாரம் தாண்டியும் பிள்ளையப் பாக்கவே பிடிக்கலன்னு இருந்தா "திமிரு"ன்னு பேசாம டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, அது ஒரு நோய், குணமாகும். தம்பிகளா, ராத்திரி துணி மாத்துறது உங்க வேலையா எடுத்துக்கோங்க, பால் குடுக்கிறதத் தவிர மத்த எல்லாமே உங்களாலயும் முடியும்.

ஸ்டெப் 8: வாங்காம விடுற சாமான்

வாக்கர் எப்பவுமே வேண்டாம், படியில உருண்டு அடிபடுது, நடையும் சீக்கிரம் வராது. ஷூ, சென்ட், ஸ்டெரிலைசர், ஃபீடிங் நாற்காலி, தள்ளுவண்டி எதுவும் இப்ப வேண்டாம். சலங்கை வச்ச கொலுசு, மணி கோத்த காப்பு போட்டா மணி கழண்டு வாய்க்குப் போகும். அரைஞாண் கயிறு கட்டுனா வாரம் ஒருக்க தளர்த்திப் பாருங்க, பிள்ள ஊதிக்கிட்டே போகும், கயிறு இறுகும். கழுத்துல கயிறு எதுவும் வேண்டாம். தாய்மாமன் சீருக்கு என்ன எடுக்கன்னு கேட்டா கூச்சப்படாம ஆறு மாச சைஸ் சட்டை, கொசுவலைன்னு சொல்லிருங்க.

ஸ்டெப் 9: ஊசியும் சர்டிபிகேட்டும்

பொறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி, இதுல கடைசி ஊசி 24 மணி நேரத்துக்குள்ள. விட்டமின் கே ஊசி போட்டாச்சான்னும் கேட்டுக்கோங்க. டிஸ்சார்ஜ் ஆகுறப்ப அட்டையில எழுதி வாங்குங்க. அடுத்தது ஆறு, பத்து, பதினாலு வாரம், சுகாதார நிலையத்துல பெரும்பாலும் புதன்கிழமை இலவசமா போடுவாங்க. லேசா காய்ச்சல் வந்தா என்ன குடுக்கணும்னு போட்ட நர்சம்மாட்டயே எடைக்குத் தகுந்த மாதிரி எழுதி வாங்கிருங்க.

பிறப்பு 21 நாளுக்குள்ள பதிவாகணும், ஆஸ்பத்திரி பிரசவம்னா அவங்களே பதிவாங்க. பேர் இன்னும் வைக்கலன்னா கவலை இல்ல, 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாம சேத்துக்கலாம். 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், அதனால பதிவு பண்ணக் குடுக்கிற ஃபார்ம்ல அப்பா அம்மா பேரு, இனிஷியல், விலாசம் மூணும் ஆதார்ல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கான்னு அங்கயே நின்னு வாசிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.